மூடியில் தொங்கும் துளிகள்

ஸ்லோ குக்கர், அதாவது மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரம், அதன் மூடியைத் தூக்கினால் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி. அது சொட்டினால் காப்ளரின் (பழத்தின் மேல் மாவூற்றி வேகவைக்கும் இனிப்பு) மேல்மாவு களிதான்.

மூடிக்கு அடியில் ஒரு பருத்தித் துண்டு விரித்தால் போதும். நுனிகளை மேலே தூக்கி முடிந்துவிடுங்கள். தொங்கினால் பக்கச் சூட்டில் கருகும்.

பாத்திரத்தின் அடியில் 1 கிலோ பீச் துண்டு, அரை கப் சர்க்கரை, 2 மேசைக்கரண்டி சோளமாவு (கார்ன்ஃப்ளோர்). உறைந்த பழமென்றால் உருகவிட்டு நீரை வடித்தாக வேண்டும்.

மேலே 1 கப் மைதா, அரை கப் சர்க்கரை, ஒன்றரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரை கப் பால், கால் கப் உருக்கிய வெண்ணெய். மாவு நனைந்ததும் நிறுத்துங்கள். அடித்துக் கலக்கினால் ரப்பர்.

ஹையில் (அதிகச் சூட்டில்) இரண்டரை மணி நேரம். முதல் இரண்டு மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள்.

ஓவனில் வரும் பொன்னிறம் இந்த ஈரச்சூட்டில் வராது. பட்டைத்தூள் கலந்த சர்க்கரை தூவினால் ஓரளவு ஏமாற்றலாம்.