பக்லிங் பாடத்துக்கு ஒரு ஸ்டீல் ஸ்கேலும் ஒரு தாளும்

எஸ்.ஓ.எம். (பொருட்களின் வலிமை) பாடத்தில் பக்லிங், அதாவது அழுத்தும்போது மெல்லிய பொருள் பக்கவாட்டில் வளைந்துவிடும் பகுதியைத் தொடங்குமுன் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், 10 கிலோ சமையலறைத் தராசு, வி வடிவப் பள்ளம் வெட்டிய இரண்டு மரத்துண்டுகள் போதும். ஒரு துண்டைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, பள்ளத்தில் ஸ்கேலை நிறுத்தி, மற்றதால் மேலிருந்து மெல்ல அழுத்துங்கள். ஸ்கேல் வளைந்தபின் எண் ஏறாமல் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். அதுதான் ஆய்லர் சுமை, அதாவது தூண் வளையத் தொடங்கும் சுமை. கண்ணாடி அணியுங்கள், நழுவினால் ஸ்கேல் தெறிக்கும்.

அகலம் 25 மி.மீ., தடிமன் 1 மி.மீ., நீளம் 310 மி.மீ. என்றால் கணக்கில் சுமார் 43 நியூட்டன், தராசில் 4.4 கிலோ வரும். தடிமன் 0.9 மி.மீ. ஆனால் 3.2 கிலோதான். தடிமனின் முப்படி செய்யும் வேலை இது. அதனால் தடிமனைத் திருகு அளவியால் மட்டுமே அளக்கவும். நீளத்தையும் முனைக்கு முனை அளக்கவும், 30 செ.மீ. ஸ்கேலின் தகடு பெரும்பாலும் அதைவிட நீளமாகவே இருக்கும். உள்ளங்கையால் அழுத்தினால் முனை தடையின்றிச் சுழல முடியாமல் பாதி இறுகி, எண் கூடுதலாகக் காட்டும். இரு முனையும் முழுதாக இறுகினால் சுமை நான்கு மடங்கு.

அடுத்து ஒரு ஏ4 தாள். வளைவு விறைப்பு தடிமனின் முப்படியைப் பொறுத்தது. இழுவிசை விறைப்பு தடிமனின் முதற்படியை மட்டும் பொறுத்தது. எனவே மெல்லிய தாள் எளிதாக வளையும், நீள மறுக்கும். ஆனால் இரண்டு திசையில் ஒரே நேரத்தில் வளைய நீட்சி தேவை. கசக்கும்போது அந்த நீட்சி முழுவதையும் தாள் சில கூர்முனைகளிலும் அவற்றை இணைக்கும் முகடுகளிலும் குவித்துவிடுகிறது. 0.1 மி.மீ. தாளை 4 செ.மீ. உருண்டையாக்கினாலும் அதில் ஐந்தில் நான்கு பங்கு காற்றுதான். மேலும் அழுத்த முடியாததற்கு அந்த முகடுகளே காரணம். குலசேகரம் பக்கம் காயும் ரப்பர் ஷீட்டை மடித்து விட்டால் தடம் நிற்காது. தாளில் நிற்கும், ஏனெனில் முகட்டில் நார்கள் மீளா அளவுக்குத் திரிபடைகின்றன.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முப்பந்தல் காற்றாலைக் கோபுரத்தைக் காட்டிக் கேட்டால் ஆய்லரோடு நிற்காதீர்கள். அதுபோன்ற மெல்லிய உருளை பக்லிங் ஆகும் செவ்வியல் (குறையற்ற வடிவத்துக்கான) தகைவு 0.605 × யங் குணகம் × தடிமன் ÷ ஆரம். சிறு பள்ளம் இருந்தாலும் உண்மையான தாங்குதிறன் இதைவிட வெகுவாகக் குறையும். தூண் கணக்கிலோ, மெல்லிமை விகிதத்தை (பயனுறு நீளம் ÷ குறுக்குவெட்டின் சுழல் ஆரம்) முதலில் பாருங்கள்: 250 மெகாபாஸ்கல் எஃகுக்கு அது சுமார் 89-க்குக் கீழே போனால் ஆய்லர் விடை நொறுங்கல் வலிமையைத் தாண்டிவிடும், மதிப்பெண்ணும் போகும்.