மழைக்கு முன்னும் பின்னும்: ஓர் ஓட்டு வீட்டின் நாட்குறிப்பு

7 மே 2024, சித்திரை

இன்று ஓடு மாற்றும் வேலை தொடங்கியது. கத்திரி வெயிலில் ஒருவரைக் கூரைமேல் ஏற்றுவது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நாட்டு ஓட்டைத் துளி ஈரமும் இல்லாத காலத்தில்தான் பிரிக்க முடியும். பாசி பிடித்த ஓடு வழுக்கும், நனைந்த ஓடு காலடியில் நொறுங்கும். அதனால் விடிந்ததும் ஏறுவது, வெயில் உறைப்பதற்குள் இறங்கிவிடுவது என்று பேசிக்கொண்டோம். ஓட்டு வேலை செய்யும் பெரியவரும் அவருடைய மருமகனும் வந்திருக்கிறார்கள். பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவே இந்த வேலை தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள்.

"அம்மா, ஏணியில் ஏறி இதை ஒருமுறை பாருங்கள்" என்று பெரியவர் கூப்பிட்டார். முற்றத்தின் வடகிழக்கு மூலையில், இரண்டு சாய்ப்புகள் கூடும் கூடல்வாய். வேப்பஞ்சருகும் அணில் கொண்டுவந்த தேங்காய் நாரும் மக்கி, நான்கு விரற்கடை உயரத்துக்கு மண்ணாகவே ஆகியிருந்தது. அதில் ஓர் அரசங்கன்று. வேர் தகரத்தின் ஓரமாக நழுவி, கூரையைத் தாங்கும் பனங்கைக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. மழைநீர் அந்த மண்ணில் முட்டி, பக்கவாட்டில் ஏறி, ஓட்டுக்கு அடியில் புகுந்து சாமி அறைச் சுவரில் வழிந்திருக்கிறது. அந்த இடத்தில் ஓர் ஓடுகூட உடையவில்லை.

பெரியவர் கன்றை மேலே இழுக்கவில்லை. வேரைப் பக்கவாட்டில் அகழ்ந்து, முனை தெரிந்த பிறகே எடுத்தார். பாதி வேர் உள்ளே தங்கினால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடுமாம்.

12 மே

நாட்டு ஓடு புதிதாகக் கிடைப்பது அரிது. இடித்த வீட்டு ஓடுகளை வாங்கித்தான் பழைய வீடுகள் உயிர் வாழ்கின்றன. பக்கத்து ஊரில் ஒரு வீட்டைப் பிரித்தார்கள். ஒரு வண்டி ஓடு வாங்கி வந்தோம். விரல் கணுவால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார் அத்தை. கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் உள்ளே கீறல். கீறல் விட்டவற்றை வாழைப்பாத்தியின் கரைக்கு ஒதுக்கிவைத்தோம்.

பனங்கைகளின் முனையில், சுவருக்குள் நுழையும் இடத்தில், கரையான் அரித்த தடம் இருந்தது. மண்ணைச் சுரண்டிவிட்டு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினோம். இந்தப் பக்கம் முந்திரித் தோப்புகள் அதிகம். மரத்துக்கு எண்ணெய் என்றால் இங்கே அதுதான். தோலில் பட்டால் வெந்துவிடும். கையில் தேங்காயெண்ணெய் தடவி, துணியும் சுற்றிக்கொண்டுதான் பூச வேண்டும்.

20 மே

கோடை மழை, இடியோடு. எல்லோரும் சாமி அறையில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். சுவர் காய்ந்தே இருந்தது.

15 ஜூன், ஆனி

வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் மேட்டூர் அணை இந்த ஆண்டு திறக்கவில்லை. நீர் இருப்பு போதவில்லை. எங்கள் பகுதி புது ஆற்றுப் பாசனத்தின் கடைமடைப் பக்கம். மேட்டூர் அணை கட்டப்பட்ட 1934-ஐ ஒட்டி வெட்டிய கல்லணைக் கால்வாய்தான் எங்களுக்குப் புது ஆறு. அதில் தண்ணீர் ஓடினால் குளம் நிறையும், குளம் நிறைந்தால் எங்கள் கிணறு ஊறும். வயல் இல்லாத வீட்டுக்கும் மேட்டூரோடு கணக்கு உண்டு.

கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும்போதே தூர் வாரிவிட்டோம். சேறு, உடைந்த குடம், ஒரு பித்தளைச் செம்பு. சேற்றை வெயிலில் பரப்பி உலர்த்தித் தென்னம்பாத்திகளுக்குப் பகிர்ந்தாயிற்று.

பாத்தியில் மூட்டாக்குப் போடும் வேலையும் முடிந்தது. தென்னைக்கு மரத்திலிருந்து ஆறடி தூரம் வரை வட்டப்பாத்தி. அதில் தேங்காய் மட்டைகளை முதுகுப்பக்கம் மேலாகக் கவிழ்த்து அடுக்க வேண்டும். கவிழ்த்து வைத்தால் அடியில் ஈரம் காக்கும். மல்லாத்தி வைத்தால் ஒவ்வொரு மட்டையும் ஒரு கொசுத்தொட்டி. இரண்டு மழைக்காலம் கடந்தால் மட்டையே உரம். மட்டையை வண்டி வண்டியாக விற்றுவிட்டு, அதே தோப்புக்கு உரம் வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

21 ஜூலை, ஆடி

ஆடிப்பட்டம் தேடி விதைத்தோம். அவரை, புடலை, பீர்க்கன், பாகல், பரங்கி. வெண்டை மட்டும் தனிப்பாத்தி. அவரை விதைகள் சென்ற தை மாதம் கொடியிலேயே முற்றவிட்டு எடுத்தவை, சாம்பலில் புரட்டிப் பானையில் வைத்திருந்தோம்.

பக்கத்து வீட்டுப் பெண் சித்திரையிலேயே அவரை போட்டிருக்கிறாள். கொடி பந்தலை மூடிவிட்டது, பூ இல்லை. "அக்கா, உரம் போதவில்லையா?" என்று கேட்டாள். உரத்தில் குறையில்லை. நாட்டுப் பந்தல் அவரை பகல் குறுகும் பருவத்தில்தான் பூக்கும். ஆடியில் விதைத்தாலும் சித்திரையில் விதைத்தாலும் அது பூப்பது பனிக்காலத்தில்தான். இடைப்பட்ட மாதங்களில் வெயிலில் வாடி, பூச்சிக்கு இடம்கொடுத்து நிற்கும். கொடியை வெட்டிவிடாமல், நுனியைக் கிள்ளி விடச் சொன்னேன்.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

மேட்டூரை ஜூலை 28-இல் திறந்தார்கள். கர்நாடகத்தில் பெய்த மழையில் அணை நிறைந்து 120 அடியை எட்டிவிட்டது. சில வாரங்களுக்கு முன் தண்ணீர் இல்லை என்று கவலைப்பட்ட அதே அணை. எங்கள் பக்கம் வந்து சேர நாளாகும். கிணற்றடியில் சித்திரான்னம் படைத்து அத்தை மஞ்சள் கயிறு கட்டிவிட்டார்.

14 செப்டம்பர், ஆவணி

2019-இல் வைத்த தென்னைகளில் ஒன்றில், புதிதாக விரிந்த ஓலை இரு பக்கமும் கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோணமாக அறுபட்டிருந்தது. காண்டாமிருக வண்டு. ஓலை விரிந்து தெரியும்போது கடி பழையதாகியிருக்கும். வண்டு குருத்துக்குள் இருந்து, மடங்கியிருந்த ஓலையைத் துளைத்திருக்கிறது. விரியும்போது அந்த ஒரு துளை வரிசையாக வெட்டுகளாகத் தெரிகிறது.

ஏணி போட்டு ஏறினேன். நடுக்குருத்தை ஒட்டிய மட்டை இடுக்கில் ஈரமான நார்ச்சக்கை வெளியே தள்ளியிருந்தது. சக்கை புதிதாக இருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. முனை வளைத்த கம்பியைத் துளையில் விட்டு, மெதுவாகத் திருப்ப வேண்டும். குருத்தில் குத்திவிட்டால் மரமே போய்விடும். கம்பி எதன்மீதோ வழுக்கி, பிறகு மாட்டிக்கொண்டது. இழுத்தபோது கருகருவென்று, கட்டைவிரல் பருமனில், தலையில் ஒற்றைக் கொம்போடு வந்தது. வெளியே வந்த பிறகும் கம்பியில் கால்களை ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தது.

வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, உச்சியில் உள்ள மூன்று மட்டைகளின் இடுக்குகளில் போட்டோம். எல்லா இளமரங்களுக்கும்தான். ஆமணக்குப் பிண்ணாக்கைத் தண்ணீரில் கரைத்துச் சிறு பானைகளில் ஊற்றித் தோப்பில் புதைத்திருக்கிறோம். புளித்த வாடைக்கு வந்து விழும்.

இதைவிட முக்கியம் எருக்குழி. வண்டு முட்டையிடுவது மரத்தில் அல்ல. மக்கும் எருவிலும் உளுத்த மரத்துண்டிலும்தான். கஜா புயலில் விழுந்த தென்னைகளை அப்புறப்படுத்த வழியின்றி ஊரெல்லாம் கிடந்தன. அவை உளுத்து, வண்டுக்குத் தொட்டிலாயின. புதுக்கன்று வைத்தவர்கள் அதற்குப் பிறகு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. எங்கள் எருக்குழியைக் கிளறியதில் வெள்ளைவெளேரென்று சுருண்ட புழுக்கள். பொறுக்கி எடுத்தோம். கோழிகள் காத்திருந்தன. குழியில் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணம் கலந்திருக்கிறோம், மிச்சமுள்ள புழுக்களை அது பார்த்துக்கொள்ளும்.

12 அக்டோபர், புரட்டாசி

வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய நாட்கள். என் கணக்கில் ஆண்டின் மிக முக்கியமான வாரம் இதுதான். தீபாவளிச் சுத்தமெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கூரையில் விழும் தண்ணீர் எந்த வழியாக நடந்து வெளியே போகிறது என்று பின்தொடர்ந்தேன். கூடல்வாய், தாழ்வாரம், முற்றம், முற்றத்துத் தூம்பு, சுவருக்கு அடியில் போகும் கல்வாய்க்கால், கொல்லை, அங்கிருந்து குளத்து வாய்க்கால். வீட்டைப் பராமரிப்பது என்றால் எனக்கு இந்த வழியைப் பராமரிப்பதுதான். சுவர் விரிசல், கரையான், பாசி, வாழை அழுகல் எல்லாமே தண்ணீர் நிற்கக் கூடாத இடத்தில் நின்றதால் வருபவை. கிணறு வற்றுவது, நிற்க வேண்டிய இடத்தில் அது நில்லாமல் ஓடியதால் வருவது. கல்வாய்க்காலில் நீண்ட மூங்கிலை விட்டு அடைப்பைத் தள்ளினோம். கொல்லையில் மண் வரப்பைச் சற்றே உயர்த்தி, முதல் வெள்ளம் தென்னம்பாத்திகளைச் சுற்றிவிட்டுப் பிறகு வெளியேறும்படி மடை வைத்தோம்.

முருங்கையின் நீண்ட கிளைகளைக் கழித்தாயிற்று. காற்றுக்கு முதலில் முறிவது அதுதான். குலை தள்ளிய வாழைகளுக்கு மண் அணைத்துச் சவுக்குக் கழி முட்டுக் கொடுத்திருக்கிறது.

16 நவம்பர், கார்த்திகை

2018-இல் இதே நாள் அதிகாலையில்தான் கஜா, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. மாமனார் வைத்த தென்னைகளில் பெரும்பாலானவை அன்று போயின. சில வேரோடு, சில நடுவில் முறிந்து. கூரையின் தென்புறச் சாய்ப்பு முழுவதும் பறந்துவிட்டது. கான்கிரீட் போட்டுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அத்தை மட்டும் மறுநாளே முற்றத்தில் உட்கார்ந்து, முழு ஓடு ஒரு பக்கம், உடைந்த ஓடு ஒரு பக்கம் என்று பிரிக்கத் தொடங்கினார். அதன் பிறகு யாரும் கான்கிரீட் பேச்சை எடுக்கவில்லை.

27 நவம்பர்

விடாத மழை. டெல்டா முழுக்கச் சம்பா வயல்களில் தண்ணீர் நிற்கிறது. வீட்டுக்குள் ஒழுகல் இல்லை. முற்றத்துத் தூம்பு திணறியது. ஒரு வாழைச்சருகை எடுத்ததும் இழுத்துக்கொண்டது.

1 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் நேற்றிரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. எங்களுக்குக் காற்று இல்லை. வடக்கே இருப்பவர்களை நினைத்தால் தூக்கம் வரவில்லை. காற்றின் சத்தம் எப்படி இருக்கும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

முருங்கை அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் கூட்டமாக ஒட்டியிருந்தன. இரவில் இலை தின்னப் போகும், பகலில் அடிமரத்தில் ஒன்றாக இருக்கும். பகலிலேயே பந்தம் காட்டி ஒழித்தோம்.

9 ஜனவரி 2025, மார்கழி

போகிக்கு முன் சுண்ணாம்பு. சுட்ட கிளிஞ்சலைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் குமுறிக் கொதித்தது. பிள்ளைகளை அருகில் விடவில்லை. இரவு முழுக்க ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, சிறிது நீலம் சேர்த்து, தாழம் விழுதை நசுக்கிய மட்டையால் இரண்டு கை அடித்தோம். கடையில் விற்கும் பெயிண்ட் பளபளப்பாக இருக்கும், ஆனால் மண்ணும் செங்கல்லுமான இந்தப் பழைய சுவர் உள்ளே வாங்கிய ஈரத்தை வெளியே விட முடியாமல் பொரிந்து உதிரும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே போக விடுகிறது.

பந்தல் அவரை கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கிறது. நுனிகளில் அசுவினிப் பூச்சி, விடியற்காலைப் பனி காயும் முன் சாம்பல் தூவினோம். பக்கத்து வீட்டுப் பந்தலிலும் பூ வந்துவிட்டது. பொங்கலுக்கு அவரையும் பரங்கியும் வாங்க வேண்டியதில்லை.

22 மார்ச், பங்குனி

கிழக்கு வரிசையில் மூன்றாவது தென்னையில் பாளை. நெட்டை ரகம், ஆறாவது ஆண்டு. அத்தையைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய்க் காட்டினேன். முதல் பாளையில் ஆண் பூக்களே மிகுதி. இரண்டொரு குரும்பை இருந்தாலும் உதிர்ந்துவிடும். அதற்கெல்லாம் நான் வருந்தவில்லை.

வெயில் ஏற ஏற வெள்ளை ஈ வந்துவிட்டது. ஓலைக்கு அடியில் சுருள் சுருளாக வெள்ளைக் கோடுகள், கீழ் ஓலைகளின் மேல் கரும்பூஞ்சாணம். ஊரில் சிலர் கடும் மருந்து அடிக்கிறார்கள். அது வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும் என்கார்சியா குளவியையும் கொன்றுவிடும். நாங்கள் ஓலை அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுகிறோம். விளக்கெண்ணெய் பூசிய மஞ்சள் அட்டைகளைக் கட்டியிருக்கிறோம். சமையலறைத் தண்ணீர் போகும் இடத்தில் நிற்கும் கல்வாழையும் வாழையும் அந்தக் குளவிக்குப் புகலிடம் என்று வேளாண் துறையினரும் சொல்கிறார்கள். அழுக்குத் தண்ணீரைக் குடிக்க வைத்த செடி, தென்னைக்கும் காவல் நிற்கிறது.

14 ஜூன், வைகாசி

இந்த முறை மேட்டூர் ஜூன் 12-இலேயே திறந்தாயிற்று. தென்னைக்கு ஆண்டின் முதல் தவணை உரமும் தொழுவுரமும் வைத்தோம். மீதித் தவணை மார்கழி, தையில்.

மேற்கு ஓரத்தில் இன்னும் காலியாகக் கிடக்கும் இரண்டு இடங்களுக்கு மூன்றடிக் குழி வெட்டி ஆறப்போட்டிருக்கிறது. வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையத்தின் ரகமான வி.பி.எம். 3 கன்று வாங்கலாம் என்று இவர் சொல்கிறார். தப்பிப் பிழைத்த மாமனாரின் மரத்து நெற்றிலிருந்து முளைத்த கன்றுகளைத்தான் வைக்க வேண்டும் என்று அத்தை சொல்கிறார். கொல்லை நாற்றங்காலில் கழுத்துப் பருத்து, ஓலை சீக்கிரமே பிரியத் தொடங்கிய கன்று ஒன்று இருக்கிறது. குழிக்கு ஒன்றாக இரண்டையும் வைப்பது என்று முடிவாயிற்று. வேப்பங்குளத்துக்குத் திங்கட்கிழமை போகிறோம்.