25 மில்லிக்கு ஒரு கிராம்

பச்சிளம் குழந்தைகள் வார்டில் செவிலியராகச் சேர்ந்து பதினோரு வருடமாகிறது. நான் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் மனதை உறுத்துகிறது.

29 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை. இரண்டு வாரம் கழித்துத்தான் பிறந்தபோது இருந்த 1,200 கிராமைத் திரும்பத் தொட்டாள். டியூப் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 மில்லி தாய்ப்பால். வயிறு உப்பவில்லை, வாந்தியும் இல்லை. எடைதான் ஏறவில்லை. அந்த அளவுக் குழந்தைக்கு நாளைக்கு 18 கிராமாவது கூட வேண்டும். இவள் 5, 7 என்றே நின்றாள். பாலில் செறிவூட்டும் பவுடர் சேர்க்கச் சொன்னார் டாக்டர்.

அந்தத் தாயிடம் போய், "உங்க பால் மட்டும் பாப்பாவுக்குப் பத்தலம்மா, பவுடர் சேர்க்கணும்" என்றேன். தலையாட்டினார். அதுவரை ஒவ்வொரு வேளையும் 30 மில்லிக்குக் குறையாமல் பீச்சித் தந்தவர், மறுநாள் காலை கொண்டுவந்தது 12 மில்லி. மதியம் 8. கேட்டதும் அழுதுவிட்டார். "என் பால்ல சத்து இல்லைன்னா எதுக்கு சிஸ்டர் பீச்சணும்? அந்தப் பவுடரையே குடுத்துடுங்க."

பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். குழந்தையின் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் தாயிடமிருந்து போகிறது. இவள் அதை வாங்காமலே வந்துவிட்டாள். புரதக் கணக்கும் அப்படித்தான்: இவ்வளவு சின்னக் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு மூன்றரை முதல் நான்கு கிராம் வேண்டும், 100 மில்லி தாய்ப்பாலில் இருப்பது ஒரு கிராமுக்குச் சற்று மேல். பாலிலிருந்தே எல்லாம் கிடைக்க வேண்டுமென்றால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 300 மில்லி கொடுக்க வேண்டும். அந்த வயிறு தாங்குமா? பாலில் குறை இல்லை, வயிறுதான் சின்னது. குறைமாதக் குழந்தைகளின் உயிரையே எடுத்துவிடும் குடல் நோயிலிருந்து காப்பது தாய்ப்பால். பவுடரால் அது முடியாது.

அப்புறம் அவரைக் கலக்கும் இடத்துக்கு அழைத்துப் போனேன். ஒரு பொட்டலம் ஒரு கிராம், அதற்கு 25 மில்லி பால். கண்ணளவுக்கு இங்கே இடமே இல்லை. கூடினால் பால் அடர்ந்து குடலுக்குச் சுமையாகும், குறைந்தால் பலன் இருக்காது. சிரிஞ்சில் அளந்து, கலந்து, அந்த வேளைக்குப் போக மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்து அடுத்த வேளைக்கே கொடுத்துவிடுவோம். "இவ்வளவுதானா பவுடர்?" என்றார். பொட்டலத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

இதைக் கேள்விப்பட்டு இரண்டு கிலோ குழந்தையின் பாட்டிமார்கூட "எங்களுக்கும் அந்த சத்துப் பவுடர்" என்று வந்து நிற்பார்கள். எல்லாக் குழந்தைக்கும் இது வேண்டாம். 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் யோசித்துக் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் 2022-இல் சொல்லியிருக்கிறது.

அந்தத் தாய்க்குப் பால் பழையபடி சுரக்க நான்கு நாள் ஆனது. கங்காரு முறையில் குழந்தையை நெஞ்சோடு அணைத்திருந்த நேரங்கள்தான் அதற்கு அதிகம் உதவின என்று நம்புகிறேன். எடை 11 ஏறியது, 16, பிறகு 20. டியூப் எடுத்துப் பாலாடைக்கு மாறிய அன்று முதல் வாய் அவர் கையாலேயே கொடுத்தார்.

இப்போது புதிதாக வரும் தாயிடம் பொட்டலத்தை முதலில் காட்டுவதில்லை. அவர் பெயர் ஒட்டிய பால் பாட்டிலை எடுத்து, "இது 25 மில்லி, உங்களோடது" என்றுதான் ஆரம்பிக்கிறேன்.