உலகாயதன் பக்கம் நின்ற பெண்

போன மே மாதம் பேங்க்கில் 6 நாள் லீவு போட்டுவிட்டுத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மண்டபத்தில் தங்கியிருந்தேன். எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் 38 பிள்ளைகள். காலையில் சைவ சித்தாந்த வகுப்பு, மதியத்துக்கு மேல் வாதம். பார்த்துக்கொள்ள நாங்கள் 6 பேர். பெண்பிள்ளைகள் படுத்த மாடியும் வாத மேடையும் என் பொறுப்பு.

கத்திரி வெயில், கடலூர்ப் புழுக்கம். ஃபேனுக்கு நேராகப் பாய் போடுவதற்கு முதல் ராத்திரியே சண்டை. முகாம் என்றால் பாடம் நடத்துவது என்று நினைத்துப் போனேன். யார் சாப்பிடவில்லை, யாருக்கு வயிற்று வலி, யார் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வருகிறார்கள் என்று பார்ப்பதிலேயே பொழுது போனது. இதையும் நான் முக்கியமான வேலையாகத்தான் நினைக்கிறேன்.

வாதத்துக்கு நாங்கள் வைத்த விதி சைவ சித்தாந்த நூலாசிரியர் அருள்நந்தி சிவாசாரியாரிடம் கற்றது. அவர் ஊர் திருத்துறையூர், பண்ருட்டிப் பக்கம்தான். தன் சிவஞான சித்தியாரில், பிறர் கொள்கைகளை மறுக்கும் பரபக்கம் என்ற பகுதியில் 14 மதங்களை எடுத்துக்கொள்கிறார். முதலில் நிற்பவன் உலகாயதன்; கண்ணால் காணும் உலகமும் உடம்பும்தான் உண்டு, தனியாக உயிர் என்று ஒன்றில்லை என்பவன். அவன் கட்சியை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கத் தொடங்குகிறார். நாங்களும் அப்படியே. எதிரணி சொல்வதை முதலில் நீ சொல். "ஆமா, நாங்க சொல்றது இதுதான்" என்று அவர்கள் தலையாட்டினால்தான் நீ மறுக்க மணி அடிப்பேன்.

முதல் நாள் ஒருவரும் தேறவில்லை. "உலகமே பொய்யாம், அப்ப சோறு எதுக்கு?" என்று, பிரம்மம் மட்டுமே உண்மை, உலகம் வெறும் தோற்றம் என்னும் மாயாவாதியைப் பற்றி ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டான். மண்டபமே கைதட்டியது. எதிரணி தலையாட்டவில்லை. நான்காவது தடவைதான் கயிறு பாம்பாகத் தெரிவதை நிதானமாகச் சொன்னான். பாம்பு பொய், கயிறு பொய்யில்லை என்று முடித்தான். எதிரில் இருந்த பெண் மெதுவாகத் தலையசைத்தாள். கைதட்டு வாங்கியபோது இல்லாத ஒரு வெளிச்சம் அப்போது அவன் முகத்தில் இருந்தது.

இந்த ஊரில் இது நடந்ததில் எனக்குத் தனி நிறைவு. சைவத்துக்குத் திரும்புவதற்கு முன் அப்பர் தருமசேனர் என்ற பெயரோடு சமணராக இருந்தது இங்கேதான். எதிர்க்கட்சிக்குள் இருந்து வாழ்ந்து பார்த்தவர் அவர்.

யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம். யோசனை என்னுடையது. மூன்றாம் நாள் பண்ருட்டியிலிருந்து வந்த பிளஸ் ஒன் பெண்ணுக்கு உலகாயதன் சீட்டு வந்தது. "வெத்தல, பாக்கு, சுண்ணாம்பு மூணும் சேந்தா செவப்பு வருது. தனித்தனியா எதுலயும் செவப்பு இல்ல. உடம்பு சேந்தா அறிவு வருது, கலைஞ்சா போயிடுது. அப்புறம் ஒண்ணும் இல்ல" என்றாள். உயிர் வினைக்குத் தக்கபடி வேறு உடம்பு எடுக்கும் என்று பதில் சொன்னான் எதிரில் நின்ற பையன். "எடுக்கட்டும். அதுக்கு என்னைத் தெரியுமா?" என்று கேட்டாள். அவன் நின்றுவிட்டான். நான் மணி அடித்து அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அவள் அப்பா போன் செய்தார். கோபமே இல்லாத குரல். "மேடம், அவ அம்மா போயி நாலு மாசந்தான் ஆவுது. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

சேர்க்கைப் படிவத்தில் அலர்ஜி உண்டா என்று கேட்டிருந்தோம். இதைக் கேட்கவில்லை. மொட்டை மாடிக்குப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவள், "இத வீட்ல கேக்க முடியாதுக்கா. பெரியம்மா அழ ஆரம்பிச்சிடுவாங்க. இங்கதான் கேக்க முடிஞ்சுது" என்றாள். அப்படிச் சொன்னதால் என் தப்பு சரியாகிவிடவில்லை. மறுநாளிலிருந்து காரணம் சொல்லாமலே சீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்தோம்.

வகுப்பெடுக்கும் ஐயாவிடம் அவளே போய் அதே கேள்வியைக் கேட்டாள். அவர் ஆறுதலுக்காக எதையும் கூட்டிச் சொல்லவில்லை. "உடம்பும் கருவிகளும் மாறினா பழசு மறந்துபோவும்னுதான் நூல் சொல்லுதும்மா. உனக்கு இது பிடிக்காது, எனக்குத் தெரியும்." அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்த ஐயாவின் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்குப் பல மடங்கானது.

ஐந்தாம் நாள் மாலை பாடலீசுவரர் கோயிலில் பிள்ளைகள் சேர்ந்து பாடினார்கள். அப்பர் இந்தத் தலத்தில் பாடிய 'ஈன்றாளுமாய்' பதிகம். பெற்றவளாகவும் தந்தையாகவும் இருப்பவன் என்று தொடங்குவது. தாளை முன்பே அச்சடித்துவிட்டோம். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள்.

கடைசி நாள் அணிகள் பக்கம் மாறின. சீட்டு வேண்டாம், சும்மா பார் என்றேன். நிற்கிறேன் என்றாள். இப்போது உலகாயதனை மறுக்க வேண்டியவள் அவள். அவன் கட்சியை அவள் சொன்னபோது எதிரணி மொத்தமும் தலையாட்டியது. மறுக்கத் தொடங்கி இரண்டு நிமிடம் பேசினாள். மீதி நேரம் இருந்தும், "இதுக்கு மேல நான் இன்னும் யோசிக்கல" என்று உட்கார்ந்துவிட்டாள். பின்வரிசையில் அவள் அப்பா வந்து நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

வண்டியின் பின்னால் ஒரு பலாப்பழத்தைக் கட்டி எடுத்து வந்திருந்தார். சமையற்கட்டில் எண்ணெய் வாங்கிக் கையில் தடவிக்கொண்டு அவரும் அவளும் திண்ணையில் உட்கார்ந்தார்கள். அவர் பிளந்து கொடுக்கக் கொடுக்க, அவள் சுளை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள்.