டிரம் கோர்ல சிந்தசைசர்: குன்னூர் பக்கத்துல இருந்து ஒரு பேண்ட் மாஸ்டர்

இந்த மலையில ஸ்கூல் பேண்ட் பழக்குறவங்க நாலு பேரு ஒண்ணா உக்காந்தா கடைசியில பேச்சு டிசிஐ பக்கம்தான் போகும். டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல். தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன், அமெரிக்காவுல வருஷா வருஷம் கோடையில நடக்குற போட்டி, முதல் சாம்பியன்ஷிப் 1972ல நடந்துச்சு, போர் முடிஞ்சு ஊர் திரும்புன சிப்பாய்ங்க சங்கங்கள் நடத்துன, ப்யூகிள்ங்கிற பித்தளை ஊதுகொம்பும் டிரம்மும் வாசிக்கிற குழுக்கள்தான் அதுக்கு வேர், அந்த மாதிரி குழுவுக்குத்தான் டிரம் கோர்னு பேரு. ஒரு குழுவுல சுமார் 150 பேர், எல்லாம் 22 வயசுக்கு உட்பட்ட பசங்க பொண்ணுங்க, ஃபுட்பால் கிரவுண்டு முழுக்க ஓடி ஓடி கோலம் மாத்திக்கிட்டே ஊதுவாங்க அடிப்பாங்க, கையில ஒரு நோட்டு பேப்பர் கூட இருக்காது. ஒரு தடவை முழுசா பார்த்தா அன்னைக்கு தூக்கம் வராது, அப்படி ஒரு உழைப்பு.

அங்க ரொம்ப வருஷமா ஒரு சண்டை ஓடிக்கிட்டு இருக்கு, எலக்ட்ரானிக் சமாச்சாரம் உள்ள வரலாமா கூடாதான்னு. 2004ல மைக்குக்கு அனுமதி குடுத்தாங்க, 2009ல சிந்தசைசர் (மின்சாரத்துல சத்தம் உண்டாக்குற கீபோர்டு), சாம்ப்ளர் (பதிவு பண்ணி வெச்ச சத்தத்தை வாசிக்கிற கருவி) எல்லாம் உள்ள வந்துடுச்சு. சட்டப்படி முடிஞ்சு போன விஷயம். ஆனா மனசுல முடியல, இன்னைக்கும் பழைய ஆளுங்க ஒரு பக்கம், புது பசங்க ஒரு பக்கம்னு நின்னு மோதிக்கிறாங்க. இதுல எனக்கு ஒரு தீர்மானமான கருத்து இருக்கு, ரெண்டு பக்கமும் முழுசா ஒத்துக்காத கருத்து.

முதல்ல மைக். இதுல எனக்கு சந்தேகமே கிடையாது, மைக் வந்தது நல்லது. கிரவுண்டுக்கு முன்னாடி ஓரத்துல மரிம்பா (குச்சியால தட்டுற மரக்கட்டை வாத்தியம்), வைப்ரஃபோன் (அதே மாதிரி உலோகப் பட்டை வாத்தியம்), டிம்பனி (பெரிய அண்டா மாதிரி டிரம்) எல்லாம் தரையில நிறுத்தி வெச்சு வாசிப்பாங்க, அதுக்கு பிட்னு பேரு. மைக் இல்லாத காலத்துல அந்த மரிம்பா சத்தம் ஸ்டேடியத்தோட மேல் வரிசை வரைக்கும் போகணுமேன்னு கெட்டியான குச்சியால ஓங்கி ஓங்கி அடிக்க வேண்டியிருந்துச்சு. மரிம்பாவோட அழகே கீழ் சுரத்துல மெத்து மெத்துன்னு வர்ற அந்த நாதம்தான், அதை கெட்டிக் குச்சியால அடிச்சா கட்டைச் சத்தம்தான் கேக்கும், நாதம் செத்துடும். மைக் வந்த பிறகு மெத்துன்னு நூல் சுத்துன குச்சியால, கைக்கு ரெண்டா நாலு குச்சி புடிச்சு, ஒரு மண்டபத்துக்குள்ள வாசிக்கிற மாதிரி வாசிக்க முடியுது. வாசிக்கிறவன் கை வேலைதான் அது, மைக் அதை தூரத்துக்கு கொண்டு போகுது, அவ்வளவுதான்.

சிந்தசைசர்லதான் பிரிச்சுப் பார்க்கணும். மொத்தமா வேணும்னு சொல்றதும் தப்பு, மொத்தமா வேணாம்னு சொல்றதும் தப்பு.

2014ல புளூகோட்ஸ்னு ஓஹையோ மாநிலத்து கேன்டன் ஊர் குழு, டில்ட்னு ஒரு ஷோ பண்ணாங்க. அதுல ஒரு இடம் வரும், ஊதுற பித்தளை வாத்தியம் மொத்தமும் ஒரு சுரத்தை புடிச்சு நிக்குது, அப்படியே அந்த சுரம் சரிய ஆரம்பிக்குது, கூடவே சிந்தசைசரும் அதே சரிவுல சரியுது, கேக்குறவங்களுக்கு ஸ்டேடியமே ஒரு பக்கமா சாயுற மாதிரி வயித்தை கலக்கும். நான் ஹெட்ஃபோன்ல கேட்டு எழுந்து நின்னுட்டேன். அந்த வருஷம் புளூ டெவில்ஸ்ங்கிற குழு நூத்துக்கு 99.65 வாங்கி ஜெயிச்சாங்க, புளூகோட்ஸ் ரெண்டாவதுதான், ஆனா இன்னைக்கும் எல்லாரும் பேசுறது அந்த சரிவைப் பத்தி. அங்க சிந்தசைசர் தன் குரல்ல தானே பாடுச்சு, யாரோட இடத்தையும் புடிக்கல. இதை வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு உபயோகம் இருக்கு. ட்யூபாங்கிற பெரிய கனமான பித்தளைக் குழல் ஊதுறவங்க கிரவுண்டுல பின்னாடி ஊதிக்கிட்டு இருக்காங்க, அவங்க ஊதுற அதே கீழ் சுரத்தை பிட்ல ஒருத்தர் கீபோர்டுல அழுத்தி புடிக்கிறார், முன்னாடி இருக்குற பெரிய சப்வூஃபர்ல (கீழ் சுரத்துக்கான ஸ்பீக்கர்) இருந்து அது குமுகுமுன்னு கிளம்புது. கேக்குறவங்க நெஞ்சு அதிரும், ஆகா ட்யூபா என்னமா ஊதுறாங்கன்னு கை தட்டுவாங்க. அங்க டிரம் கோர் ஆளுங்க இந்த சத்தத்துக்கு கூன்னு ஒரு பேர் வெச்சிருக்காங்க, பசை மாதிரி எல்லாத்தையும் ஒட்டி மூடிடுதாம். என் எதிர்ப்பு முழுக்க இதுமேலதான்.

ஏன்னு சொல்றேன். நம்ம மாவட்டத்துலயே ஒரு ஸ்கூல் பேண்ட் போட்டி, எந்த ஸ்கூல்னு வேணாம், பசங்க நல்ல பசங்க. கீபோர்டும் ரெண்டு பெரிய ஸ்பீக்கரும் கொண்டு வந்திருந்தாங்க, விதியில தடை எதுவும் எழுதல. நான் ஓரமா கிரவுண்டுக்கு பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன், யூஃபோனியம் (ட்யூபாவோட சின்ன தம்பி மாதிரி) புடிச்சிருந்த பையன் என்னை தாண்டி ஒரு பத்தடி தூரத்துல போனான். கன்னம் உப்பியிருக்கு, விரல் வால்வு மேல சரியா போகுது, ஆனா தோள் ஏறி இறங்கல, வயிறு அசையல, சத்தம் வரல. அவன் ஊதவே இல்ல. ஊத வேண்டிய சுரம் மொத்தம் ஸ்பீக்கர்ல கணீர்னு வந்துக்கிட்டு இருந்துச்சு. மேடையில இருந்த யாருக்கும் தெரியல, தெரிய வாய்ப்பும் இல்ல. எனக்கு அந்த பையன் மேல கோவமே வரல. நீ ஊதுனாலும் ஊதாட்டியும் ஒண்ணுதாண்டான்னு அந்த ஏற்பாடே அவனுக்கு சொல்லிக் குடுத்திருச்சு. ஒரு வருஷம் முழுக்க அந்த கனத்தை தூக்கிட்டு கிரவுண்டு சுத்துன புள்ளைக்கு இதைவிட கொடுமை என்ன இருக்கு.

அப்புறம் நம்ம ஊர் குளிர். இதை சமவெளியில இருக்குறவங்க யோசிக்க மாட்டாங்க. ஜனவரி 26 காலையில ஊட்டி கிரவுண்டுல புல்லு மேல உறைபனி வெள்ளையா கிடக்கும், பசங்க ட்ரம்பெட் வாய்ல வெச்சா உதடு ஒட்டுற மாதிரி இருக்கும். காத்து ஒரு டிகிரி குளிர்ந்தா சத்தத்தோட வேகம் வினாடிக்கு 0.6 மீட்டர் குறையுது, அதனால ஊதுற வாத்தியத்தோட சுருதி இறங்கும். 15 டிகிரி குளிர்ந்தா கணக்குப்படி அரை சுரத்துல கிட்டத்தட்ட பாதி இறங்கணும், ஊதுற மூச்சுல குழல் கொஞ்சம் சூடாகுறதால அவ்வளவு இறங்காது, ஆனா காது இருக்குறவங்களுக்கு நல்லாவே தெரியுற அளவுக்கு இறங்கும். கீபோர்டுக்கு குளிராவது வெயிலாவது, சுருதியை 440 ஹெர்ட்ஸ்ல வெச்சா 440லதான் நிக்கும். ரெண்டையும் ஒரே சுரத்துல சேர்த்து விட்டா பல்லு கூசும். அப்போ மாஸ்டர் என்ன பண்ணணும், கீபோர்டு சுருதியை கீழ இறக்கி பசங்களோட சேர்க்கணும். பல இடத்துல நடக்குறது தலைகீழ், கீபோர்டை அப்படியே விட்டுட்டு பசங்களை மெதுவா ஊத சொல்லிடறாங்க.

வெலிங்டன்ல ராணுவ பேண்ட்ல டிரம் வாசிச்சு ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர் எங்க பயிற்சிக்கு அப்பப்போ வருவார். மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் அங்கதானே இருக்கு, அந்தப் பக்கம் அப்படி ஆளுங்க நிறைய. அவர்கிட்ட இதை சொன்னேன். "தம்பி, சைடு டிரம்காரன் தப்பு பண்ணா கிரவுண்டுக்கே தெரியணுங்க, தெரிஞ்சாத்தான் அடுத்த நாள் கை ஒழுங்கா வரும்"னார். எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் சொல்லத் தோணல.

எதிர்ப்பக்கத்து வாதமும் லேசானது இல்ல. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இப்படித்தான் கத்துனீங்கன்னு கேக்குறாங்க, உண்மைதான். முன்னாடி டிம்பனியையே கழுத்துல மாட்டி தூக்கிட்டு நடந்தாங்க, 1980களோட தொடக்கத்துல தரையில வெச்சு வாசிக்கலாம்னு விட்டாங்க. ஜி சுருதி ப்யூகிள் மட்டும்தான்னு இருந்தது 2000ல மாறுச்சு, எந்த சுருதி பித்தளை வாத்தியமும் வரலாம்னு ஆச்சு. ஒவ்வொரு தடவையும் டிரம் கோர் செத்துப்போச்சுன்னு எழுதுனாங்க, சாகல. ஆனா அந்த மாற்றங்கள்ல எல்லாம் ஒரு ஆள் ஒரு வாத்தியம்ங்கிற கணக்கு மாறவே இல்லயே. டிம்பனி தரைக்கு வந்தாலும் அடிக்கிறது கைதான். இன்னொண்ணு, 2009ல சிந்தசைசரை உள்ள விட்டப்போ புல்லாங்குழல், கிளாரினெட் ஊதுற புள்ளைங்களுக்கு இடம் குடுக்கல. சிந்தசைசர்ல புல்லாங்குழல் சத்தம் வரலாம், புல்லாங்குழல் ஊதத் தெரிஞ்ச பொண்ணு வரக்கூடாது. இது நியாயமான்னு யாராவது எனக்கு விளக்குனா கேட்டுக்கறேன்.

கிரவுண்டு அகலம் கிட்டத்தட்ட 49 மீட்டர், பின்னாடி கோட்டுல அடிக்கிற டிரம் சத்தம் முன்னாடி வர்றதுக்கு ஏறக்குறைய 0.14 வினாடி ஆகும். அதனாலதான் பிட்ல இருக்குறவங்க கண்டக்டர் கையை மட்டும் நம்பாம, முதுகுப் பக்கம் இருந்து வர்ற டிரம்மை காதால புடிச்சு அதோட சேர்ந்து வாசிக்கப் பழகுறாங்க. பெரிய கலை அது, மாசக்கணக்குல பழகணும். முன்னாடி சப்வூஃபர் குமுறிக்கிட்டே இருந்தா அந்தக் காதுக்கு எப்படி வேலை செய்ய முடியும்.

கோயில் திருவிழாவுல கீபோர்டு வாசிக்கலையான்னு கேக்குறாங்க. வாசிக்கட்டும், குன்னூர் தந்தி மாரியம்மன் திருவிழாவுல ஜெனரேட்டர் வெச்ச டெம்போ பின்னாடி நானே ஆடிக்கிட்டு போயிருக்கேன், அது கொண்டாட்டம், அங்க யாரும் மார்க் போடல. இந்த மலையோட பழங்குடி கோத்தர் ஆளுங்க கொள்ங்கிற குழல் ஊதும்போது பக்கத்துல தீ மூட்டி மேளத்தோட தோலை காய்ச்சி காய்ச்சி அடிக்கிறாங்க, இந்த மலைப் பனிக்கு தோல் தொய்ஞ்சுடும்ல, அதுவும் ஒரு ஏற்பாடுதான், அடிக்கிற கைக்கு உதவி பண்ற ஏற்பாடு. நான் கேக்குறது போட்டியைப் பத்தி மட்டும். மார்க் போடுறோம்னா யாருக்கு போடுறோம்னு தெரியணும்.

அதனால இந்த வருஷம் நம்ம பக்கத்து போட்டி நடத்துறவங்ககிட்ட மூணு விஷயம் எழுதிக் குடுத்திருக்கேன். சைலஃபோன், மரிம்பா மாதிரி வாத்தியங்களுக்கு மைக் தாராளமா வைக்கலாம். கீபோர்டு வரலாம், ஆனா அதுக்குன்னு தனியா எழுதுன வரியைத்தான் வாசிக்கணும், பசங்க ஊதுற சுரத்தை மேல போர்த்தக் கூடாது. அப்புறம் ஒரு ஜட்ஜ் மேடையை விட்டு இறங்கி கிரவுண்டுக்குள்ள பசங்களுக்கு நடுவுல நடக்கணும், டிசிஐல டிரம்முக்கு அப்படி ஜட்ஜ் கூடவே நடந்து கேட்டது உண்டு. யார் செக் பண்ணுவாங்கன்னு ஒரு அப்பா கேட்டார். ஸ்பீக்கரை ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணிட்டு அதே பாட்டை இன்னொரு தடவை ஊத சொல்லுங்க, தெரிஞ்சுடும்னேன். கமிட்டி இன்னும் பதில் சொல்லல, அடுத்த கூட்டத்துக்கு நானும் பெரியவரும் நேர்ல போறோம், மத்த ஸ்கூல் மாஸ்டர்ங்களும் வந்தா நல்லா இருக்கும்.