அன்னம்மாள் தாயே, நடந்து வந்துவிட்டோம்

மலேசியாவின் கெடா மாநிலத்து லூனாஸிலிருந்து பினாங்கு மாநிலத்து புக்கிட் மெர்தாஜத்தில் இருக்கும், மரியாளின் தாய் புனித அன்னம்மாள் ஆலயத்துக்குக் குடும்பமாக நடந்தே வருகிறோம் என்று நேர்ந்திருந்தோம். ஜூலைத் திருவிழாவில் ஆண்டவர் அந்த நேர்ச்சையை நிறைவேற்ற வைத்தார். அவருக்கே புகழ். கால் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எதற்காக நேர்ந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கம்மா, என்னை மாதிரி எவனாவது படிக்கட்டும்" என்றான்.

எங்கள் அப்பா அம்மா பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பால் எடுத்த காடெல்லாம் இன்றைக்குச் செம்பனை, தாமான் என்கிற குடியிருப்பு, தொழிற்சாலை. 1996-இல் கூலிம் ஹைடெக் பார்க் திறந்த பிறகு தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைத்தது. நல்ல விஷயம்தான். என் பெரியவனும் அந்தப் பக்கம்தான் வேலை பார்க்கிறான். இரவு சிப்ட். ஓய்வு நேரத்தில் கைப்பேசியில் பணம் கட்டி ஆடும் ஒரு சூதாட்ட விளையாட்டைக் கூட்டாளிகள் காட்டிக் கொடுத்தார்கள். முதலில் பத்து வெள்ளி (ரிங்கிட்), ஐம்பது வெள்ளி. அப்புறம் சம்பளம். அப்புறம் ஆலோங்கிடம், அதாவது மிரட்டி வசூலிக்கும் வட்டிக்காரனிடம் கடன். நம் ஊரில் இந்தக் கதை எத்தனை வீட்டில் நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஒருநாள் விடிந்து பார்த்தால் வீட்டு கேட்டில் சிவப்புச் சாயம். அவனுடைய ஐசி (அடையாள அட்டை) நகலைப் பெரிதாக்கி தாமான் விளக்குக் கம்பத்தில் எல்லாம் ஒட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தூக்கம் என்பதே இல்லை. வாசலில் ஒரு மோட்டார் சத்தம் மெதுவானால் போதும், நான் அடுப்பை அணைத்துவிட்டு அசையாமல் நிற்பேன். சின்னவள் பள்ளி விட்டு வரும்வரை தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. போலீசில் புகார் கொடுத்தோம். ஆனாலும் பயம் போகவில்லை.

பயத்தோடு கூடவே சோதனையும் வந்தது. உறவில் ஒருவர், இன்னொரு இடத்தில் வாங்கி இதை அடைத்துவிடு என்றார். இன்னொருவர், பிள்ளைக்கு யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், ஒரு பொம்மோவை (மலாய் மந்திரவாதியை) தெரியும், போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றார். மகனே ஒரு ராத்திரி என் காலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஒரே ஒரு தடவை அடித்தால் எல்லாக் கடனையும் கட்டிவிடலாம், வளையலைக் கொடுங்கம்மா" என்று அழுதான். பெற்ற வயிறு என்ன பாடுபடும்! கழற்றிக் கொடுத்துவிடலாமா என்று கை வளையல் மேலேயே போனது. கொடுக்கவில்லை. கொடுக்காதபடி ஆண்டவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரம் பூசையில் பாதர் மத்தேயு நற்செய்தி நான்காம் அதிகாரத்தை எடுத்துப் பேசினார். சின்ன வயதிலிருந்து கேட்ட பகுதிதான். நாற்பது நாள் நோன்பிருந்து பசித்திருக்கிறவரிடம், இந்தக் கற்களை அப்பமாக்கு என்கிறான் சாத்தான். பசித்தவன் அப்பம் சாப்பிடுவதில் என்ன தப்பு? கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். "ஒரே ஒரு தடவை அடித்தால் கடனைக் கட்டிவிடலாம்" என்பதும் அதே குரல்தான் என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பட்டது. இரண்டாவது சோதனையில் சாத்தான் 91-ஆம் திருப்பாடலையே எடுத்துச் சொல்கிறான். வேதம் அவனுக்கும் தெரியும். மூன்று தடவையும் இயேசு வாதாடவே இல்லை. இணைச்சட்ட நூலிலிருந்து ஒரு வசனத்தைச் சொல்லி முடித்துவிடுகிறார். லூக்கா நற்செய்தியில் இன்னும் ஒரு வரி இருக்கிறது. சோதனையெல்லாம் முடிந்த பிறகு சாத்தான் ஏற்ற காலம் வரும்வரை அவரை விட்டு விலகினான் என்று. அதாவது திரும்பி வருவான். நம் ஆண்டவருக்கே அப்படி என்றால் என் பிள்ளை எம்மாத்திரம்?

பூசை முடிந்து மகனைப் பாதரிடம் அனுப்பினோம். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வெளியே வர வெகுநேரம் ஆனது. பாதர் அவனைத் திட்டவில்லையாம். ஒரு வசனத்தை மனப்பாடம் பண்ணு, விரல் கைப்பேசியில் அந்த விளையாட்டின் படத்தைத் தொடுவதற்கு முன்னால் வாய் அதைச் சொல்ல வேண்டும் என்றாராம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், 10-ஆம் அதிகாரம், 13-ஆம் வசனம். தாங்க முடியாத சோதனைக்குக் கடவுள் நம்மை விடமாட்டார், சோதனை வரும்போதே தப்பிக்கும் வழியையும் காட்டுவார் என்கிற வசனம். ஒரு தாளில் எழுதி கைப்பேசிக்குப் பின்னால் உறைக்குள் வைத்துக்கொண்டான்.

வீட்டிலும் அன்றைக்கே தொடங்கினோம். இரவு எட்டு மணிக்குச் செபமாலை. டிவி கிடையாது, கைப்பேசிகள் எல்லாம் அரிசி டப்பா மேலே. இத்தனை வருசத்தில் முழங்கால் போட்டு நான் பார்த்திராத என் வீட்டுக்காரர், முதல் நாள் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டார். அப்புறம் நாற்காலியில். அப்புறம் எங்களோடு பாயில். மரியாயின் சேனை என்கிற செபக் குழு அக்காமார்கள் முறைவைத்து வந்து எங்களோடு செபித்தார்கள். ஒரே இரவில் விசுவாசம் கொட்டியது என்று நான் சொல்லமாட்டேன். பல நாள் வாய் செபிக்கும், காது வீட்டு கேட் பக்கம் இருக்கும். ஆனால் செபமாலை நடுவில் மோட்டார் சத்தம் கேட்டும் ஒருவரும் எழுந்திருக்காத ஓர் இரவு வந்தது. சின்னவள்தான் அதைக் கவனித்துச் சொன்னாள்.

வீட்டுக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதானபோது வந்த ஈபிஎஃப் சேமநிதிப் பணத்தில் மிச்சம் வைத்திருந்ததையும், கடைசியில் என் வளையலையும் போட்டுக் கடனை அடைத்தோம். ஆமாம், அதே வளையல்தான். சூதாட்டத்துக்குப் போகாமல் கடனுக்குப் போனதே பெரிய கிருபை. அப்போது நேர்ந்ததுதான் இந்த நடை.

மாலைப் பூசை முடிந்து கிளம்பினோம். லூனாஸிலிருந்து கூலிம், அங்கிருந்து மாச்சாங் பூபோக் வழியாக கூலிம் ரோட்டைப் பிடித்து நேரே. திருவிழா நாளில் அந்த ரோட்டில் அங்கங்கே நடக்கிறவர்களைப் பார்க்கலாம். ஆனால் எல்லா இடத்திலும் துணை இருக்காது. ஓரிடத்தில் இரண்டு பக்கமும் செம்பனை, விளக்கே இல்லை. நாய் குரைக்கிறது. அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு மோட்டார் வந்து, எங்களைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தது. இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உள்ளங்கை எல்லாம் வேர்த்துவிட்டது. செபமாலையில் ஆண்டவருடைய பாடுகளைத் தியானிக்கிற துக்க தேவரகசியம் சொல்லிக்கொண்டிருந்தோம், இரண்டாவது பத்து மணி, அதாவது பத்து மணிகள் கொண்ட இரண்டாவது பகுதி. என் குரல் நின்றுவிட்டது. மகன் விட்ட இடத்திலிருந்து எடுத்தான். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே தங்கச்சியை உள்பக்கம் தள்ளிவிட்டு அவன் ரோட்டோரமாக வந்து நடந்தான். மோட்டார் கொஞ்சதூரம் கூடவே வந்தது. அப்புறம் வேகமெடுத்துப் போய்விட்டது. யார் என்று இன்றைக்கும் தெரியாது. ஒருவேளை வழிப்போக்கர்களாக இருக்கலாம். கெத்சமனியில் விழித்திருந்து மன்றாடுங்கள் என்று சீடர்களிடம் ஆண்டவர் சொன்னாரே, அந்த ராத்திரியைத்தானே நாங்களும் அந்தச் செபமாலையில் தியானித்துக்கொண்டு வந்தோம். அவர் எங்களோடு விழித்திருந்தார்.

மாச்சாங் பூபோக் பக்கம் ஒரு கடையில் தே ஓ (பாலில்லாத தேநீர்) குடிக்க உட்கார்ந்தோம். மகனின் கைப்பேசி கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தவன் முகம் மாறியது. "இலவசக் கிரெடிட் ஐம்பது வெள்ளி, இன்றிரவு மட்டும்" என்று குறுஞ்செய்தி. எண்ணை எத்தனை தடவை மறித்தாலும் புது எண்ணிலிருந்து வருகிறதாம். ஏற்ற காலம் பார்த்து வருவான் என்று லூக்கா எழுதியது எவ்வளவு சரி! நேர்ச்சை நடையில்கூட விடவில்லை. அவன் உதடு அசைந்ததைப் பார்த்தேன், அந்த வசனம்தான். சொல்லி முடித்துவிட்டுக் கைப்பேசியை அப்பாவிடம் நீட்டினான். "இந்தாங்கப்பா, கோயில் வரைக்கும் நீங்களே வச்சுக்குங்க." அவர் ஒன்றும் பேசாமல் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

விடியும் நேரம் போய்ச் சேர்ந்தோம். கூட்டத்தைப் பற்றி என்ன சொல்ல! சிங்கப்பூர் பஸ், ஈப்போ பஸ், கோலாலம்பூர் பஸ், தமிழர், சீனர், பூர்வகுடி மக்கள் என்று மலையடிவாரமே நிரம்பியிருந்தது. ரோட்டோரத்தில் யாருடைய நிலமோ, வண்டி நிறுத்த ஆளாளுக்கு ஒரு விலை சொல்கிறார்கள். மெழுகுவர்த்தி விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒருவர் கோயில் ஊற்றுத் தண்ணீர் என்று போத்தலில் அடைத்துக் காசுக்கு விற்கிறார். உள்ளே போனால் அந்தத் தண்ணீர் சும்மாவே கிடைக்கிறது! முதல் தடவை வருகிற வயதானவர்கள் பாவம், வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். புனிதத் தலத்தின் வாசலில் இப்படிச் செய்யலாமா? மனசு வேதனைப்பட்டது.

2002-இல் கட்டிய பெரிய ஆலயத்தில் தமிழ்ப் பூசை கண்டுவிட்டு, 1888-ஆம் ஆண்டு கட்டிய பழைய கோயிலுக்கு ஏறினோம். என் ஆயா (பாட்டி) அந்தக் கோயிலைப் பற்றிச் சொல்லிச் சொல்லித்தான் என்னை வளர்த்தார். 1948-இலிருந்து 1960 வரை கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த மலாயா அவசரகாலத்தில் இந்தப் பகுதியைக் கறுப்புப் பகுதி, அதாவது ஆபத்தான பகுதி என்று அறிவித்து, கோயிலுக்கு யாரும் வரமுடியாமல் போயிற்று. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, இருட்டினால் ஊரடங்கு, அரிசிகூட அளந்துதான். அந்த லயத்து வீட்டில் ஆயா ஒரு கிழிந்த அன்னம்மாள் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைத்துக்கொண்டு, கோயில் திறந்தால் வருகிறேன் தாயே என்று நேர்ந்தாராம். திறந்தது. வந்தார். வளாகத்தில் செரோக் தோக்குன் கல்வெட்டு இருக்கிறதல்லவா, பல்லவர் கால எழுத்து பொறித்த அந்தப் பாறை, அதன் பக்கத்தில் கட்டுச்சோறு அவிழ்த்துச் சாப்பிட்டதையும் சொல்வார்.

வரிசை நகரவே இல்லை. முன்னால் தள்ளுகிறார்கள், பின்னால் தள்ளுகிறார்கள், தொண்டர்கள் "நகருங்க, நகருங்க" என்று குரல் கொடுத்தபடி இருக்கிறார்கள். கையிலிருந்த மெழுகு உருகி விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. தாயிடம் கேட்க வேண்டியதை ஒரு பெரிய பட்டியலாக வைத்திருந்தேன். மகனுக்கு நல்ல வேலை, சின்னவளுக்குப் படிப்பு, இவருடைய சர்க்கரை, என் முட்டி வலி. சுரூபத்துக்கு முன்னால் போய் நின்றதும் ஒன்றும் வரவில்லை. பிள்ளையில்லாமல் காலமெல்லாம் காத்திருந்து, கண்ணீர் விட்டு, மரியாளைப் பெற்ற தாய் என்று மரபு சொல்கிறது. அவருக்குத் தெரியாதா ஒரு தாய் எதற்கு இரவெல்லாம் நடந்து வருவாள் என்று? அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

அப்போது என் தோளுக்குப் பின்னால் மகனின் குரல். பர்லோக மந்திரம் சொல்கிறான். "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும், தீமையிலிருந்து எங்களை இரட்சித்தருளும்." மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. மலாய்ப் பள்ளியில் படித்தவன், வெளியில் தமிழில் செபிக்கக் கூச்சப்படுவான். இத்தனை கூட்டத்தில், இத்தனை இரைச்சலில், என் காதுக்கு அது மட்டும்தான் கேட்டது. தொண்டர் ஒருவர் "அக்கா, போங்க" என்று தொட்டபோதுதான் நகர்ந்தேன். அவர் முகத்திலும் தூக்கமில்லை. அவருக்கும் சேர்த்து ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன்.

பேதுருவிடம் ஆண்டவர் சொன்னது திரும்பி வரும் வழியெல்லாம் மனதில் ஓடியது. சாத்தான் உங்களைக் கோதுமை போலப் புடைக்கக் கேட்டிருக்கிறான், ஆனால் உன் விசுவாசம் தளராதிருக்க நான் உனக்காக மன்றாடினேன் என்கிறார். பேதுரு மறுதலிப்பதற்கு முன்னாலேயே மன்றாடிவிட்டார்! என் பிள்ளை அந்த முதல் பத்து வெள்ளியைப் போடுவதற்கு முன்னாலேயே அவனுக்காகவும் ஒருவர் மன்றாடியிருக்கிறார். இதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? ஆண்டவரே, ஸ்தோத்திரம். அன்னம்மாள் தாயே, நன்றி. அவருடைய கணவர் சுவக்கின் அப்பாவே, நன்றி. பாதருக்கு, சேனை அக்காமார்களுக்கு, வழியில் உட்கார நாற்காலி போட்டுக் கொடுத்த அந்தக் கடைக்காரச் சீன அம்மாவுக்கு, எல்லோருக்கும் நன்றி.

பக்கத்து வீட்டு அக்காவை எப்படி மறப்பேன்? வருசாவருசம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறவர். ஆலோங் ஆட்கள் கேட்டை உலுக்கிய ராத்திரி, விளக்கைப் போட்டு, தன் பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு வெளியே வந்து எங்கள் வாசலில் நின்றவர் அவர். ஊற்றுத் தண்ணீர் ஒரு போத்தல் அவருக்குத்தான் கொண்டுவந்தேன். அடுத்த வருசம் தானும் நடந்து வருகிறேன் என்கிறார். கூட்டிக்கொண்டு போவோம்.

எட்டு மணிச் செபமாலை எங்கள் வீட்டில் தொடர்கிறது. குறுஞ்செய்திகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஞானஸ்நானப் பெயரை மட்டும் சொல்லுங்கள். இந்து வீட்டுப் பிள்ளை என்றால் வீட்டில் கூப்பிடுகிற பெயரே போதும். ஐந்தாவது பத்து மணியை அவர்களுக்காகத்தான் சொல்கிறோம். மகன்தான் அதை நடத்துகிறான்.