தச்சு செய்முறைத் தேர்வு: துளையின் பின்பக்கத்தைப் பாருங்கள்

நேற்று ரிசல்ட் வந்தது. தேறிவிட்டேன், இரண்டாவது முயற்சியில். போன தடவை இழைப்பு, இணைப்பு, அளவு எல்லாம் சரியாக இருந்தும் என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு அரை அங்குலத் துளை. அதனால் துளையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அன்று பிரேஸில் (கையால் சுற்றும் துளைக்கருவி) 8ஆம் நம்பர் ஆகர் பிட்டை (நுனியில் திருகுள்ள சுருள் துளைமுனை) மாட்டி, நன்றாக இழுக்கிறதே என்ற சந்தோஷத்தில் ஒரே மூச்சாக மறுபக்கம் வரை சுற்றிவிட்டேன். முன்பக்கம் வட்டம் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. கட்டையைத் திருப்பினால், மர ரேகையோடு விரல் நீளத்துக்குச் சிலாம்பு பெயர்ந்து கிடக்கிறது. பரிசோதகர் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார். அந்த மௌனம் பல நாள் தூங்கவிடவில்லை.

காரணம் எளிது. ஆகர் பிட்டின் பக்கப் பற்கள் முதலில் வட்டத்தைக் கீறும், பிறகுதான் வெட்டுவாய் சுருளை அள்ளும். மறுபக்கம் வெளியேறும்போது அந்தக் கீறல் விழுவதற்கு முன்பே மரம் பிய்ந்துவிடும், பின்னால் தாங்க ஒன்றுமில்லை. ஆகவே நுனித் திருகு மறுபக்கம் ஊசிமுனை அளவுக்கு எட்டிப் பார்த்ததும் நிறுத்துங்கள். எதிர்ச்சுற்றில் பிட்டை வெளியே எடுத்து, கட்டையைத் திருப்பி, அந்த ஊசித்துளையில் திருகை வைத்து மீதியை முடியுங்கள். அவ்வளவுதான். பின்னால் உதிரிக்கட்டை இறுக்கிப் போடுவதும் உண்டு, ஆனால் துளியளவு இடைவெளி இருந்தாலும் பயனில்லை. நான் திருப்பிப் போடுவதையே நம்புகிறேன்.

முனை எப்போது வரும் என்று தெரிய, அதே தடிமனுள்ள கட்டையில் சுற்றுகளை எண்ணிப் பழகினேன். பிட்டுக்கு பிட்டு எண்ணிக்கை மாறும், உங்கள் பிட்டில் நீங்களே எண்ணுங்கள். கடைசி மூன்று சுற்றுக்கு முன்பிருந்தே ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்திப் பார்ப்பேன். நான் நிதானக்காரன், வேகமாக வேலை செய்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம். இருந்தாலும் செய்யுங்கள்.

மற்றவை:

- பிட் நம்பர் என்பது அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்பது. 8 என்றால் அரை. பதற்றத்தில் மறந்துபோகும்.
- பக்கப் பல்லை உள்பக்கம் மட்டும் அரம் போடுங்கள். வெளியே ராவினால் கீறும் வட்டம் சிறுத்து பிட் இறுகிக்கொள்ளும்.
- நுனித் திருகின் புரியில் தூள் அடைத்திருந்தால் பிட் இழுக்காது. எவ்வளவு அழுத்தினாலும் வீண். எடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.
- துளையிடும் இடத்தைக் குறிக்கும் உளிமுனைக் குத்தூசியை ரேகைக்குக் குறுக்கே வைத்துக் குத்துங்கள். ரேகையோடு வைத்தால் ஆப்பு மாதிரி பிளக்கும்.
- துளையிடும்போது மூலைமட்டத்தை பிட்டை ஒட்டி இரண்டு பக்கமும் நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்துச் சாய்ந்த துளை என் பயிற்சிக் கட்டைகளில் நிறைய.

இந்த முறை வந்த பரிசோதகர் என் கட்டையைக் கையில் எடுத்ததும் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பினார்.